ரோபோப் பந்தயமும் நமது கடமையும்

(மறைமலை நகரில் வாலிபர்களும் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இவ்வூர் வாலிபர்கள் சிலர் ஒன்று சேர்ந்து, ஒரு ரோபோ செய்து பந்தயத்திற்குக் கொண்டுபோக வேண்டும் என்று முடிவு செய்திருக்கின்றார்கள். அதற்கு வேண்டிய திட்டத்தைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்ல வேண்டுமென்று நம்மை அழைத்திருக்கின்றார்கள். பகுத்தறிவுப் பிரசாரம் செய்கின்றவர்களுக்கு ரோபோவினிடத்தில் என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். கடவுள், மதம், ஜாதி ஆகியவைகளைப் பற்றிப் பேசிவிட்டுப் போவதுதான் நமது வேலை என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கின்றார்கள். இன்றைய விஷயம் அவைகளுக்கு வேறானதல்ல என்பதைக் காட்டவே நாம் வந்திருக்கின்றோம்.

நாம் சொல்லுகின்றோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டிற்குப் போய்க் காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சரி என்று பட்டால் செய்யுங்கள். தப்பு என்று பட்டால் தள்ளிவிடுங்கள்.

நாம் சொல்லப் போவது ஒரே ஒரு சங்கதிதான். எந்திரம் ஓடுவது திட்டத்தினாலும் கணக்கினாலுமேயாகும். அருளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிறப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆகவே திட்டம் போடவும் கணக்கு வைக்கவும் துணிந்தவர்கள் யாராயிருந்தாலும், எந்தத் தெருவில் பிறந்தவர்களாயிருந்தாலும், எந்திரம் செய்துவிடலாம்.

இவ்வூரின் யோக்கியதை

இந்த மறைமலை நகரை எந்த ரிஷியும் தவம் செய்து உண்டாக்கவில்லை. சென்னையின் நெருக்கடியைக் குறைப்பதற்காக 1980 வாக்கில் வரைபடம் போட்டு, ரோடு போட்டு, தொழிற்சாலைக்கு இவ்வளவு இடம், வீட்டிற்கு இவ்வளவு இடம் என்று அளந்து உண்டாக்கினார்கள். வேதாசலம் என்னும் தமது பெயரை 1916-ல் தமிழாக்கி மறைமலை அடிகள் என்று வைத்துக்கொண்டவரின் பெயர் இவ்வூருக்கு இடப்பட்டிருக்கின்றது. கடவுள் விஷயத்தில் அவருக்கும் நமக்கும் ஒத்துவராது. என்றாலும் தமக்கு வைக்கப்பட்ட பெயரையே மாற்றிக்கொள்ளத் துணிந்தவர் என்ற மரியாதை அவரிடத்தில் நமக்கு உண்டு.

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கின்ற செங்கற்பட்டில்தான் 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு கூடிற்று. ஜாதிப் பட்டங்களை விட்டொழிக்க வேண்டும், பெண்களுக்கு ஆண்களைப்போல் சொத்துரிமை வேண்டும் என்றெல்லாம் அங்கே தீர்மானம் செய்தார்கள். அன்று அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் இருந்தார்கள். இன்று எந்தத் தீர்மானம் சட்டமாயிற்று, எவர் சிரிப்பு நின்று போயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே இந்தப் பக்கத்து மண்ணில் நின்றுகொண்டு, "நம்மால் ஆகுமா?" என்று யாரும் கேட்பதற்கில்லை.

ரோபோ என்னும் சொல்

ரோபோ என்ற சொல் எப்படி வந்தது தெரியுமா? செக் தேசத்து எழுத்தாளர் காரல் சாபெக் என்பவர் 1920-ல் எழுதின ஒரு நாடகத்திலிருந்து வந்தது. செக் பாஷையில் ரோபோட்டா என்றால், பண்ணையாருக்குக் கூலியில்லாமல் கட்டாயமாகச் செய்கின்ற ஊழியம் என்று பொருள். நமது பாஷையில் சொன்னால் வெட்டி வேலை. நம் நாட்டில் அந்த வேலைக்கு இரும்பைத் தேடவில்லை. மனிதனையே பிடித்து, நீ இன்ன ஜாதியில் பிறந்தாய், ஆகையால் நீ செய்ய வேண்டியது இது என்று மனுவின் பேரால் எழுதி வைத்துவிட்டார்கள். மேல்நாட்டான் வெட்டி வேலையை எந்திரத்தின் தலையில் கட்ட யோசித்தான். நம்மவன் அதை மனிதன் தலையில் கட்டிவிட்டு, அதற்கு முற்பிறப்பைக் காரணம் சொன்னான். பெரியார் அவர்கள் 1944-ல் வெளியிட்ட இனிவரும் உலகம் என்னும் சிறு புத்தகத்தில், மனிதனுடைய கஷ்டமான வேலைகளை எந்திரம் செய்கின்ற காலம் வரும் என்று விளக்கியிருப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்தக் காலம் தானாக வந்துவிடாது. யாராவது திருகுப்புளியைக் கையில் எடுத்தால்தான் வரும்.

பந்தயம் என்றால் என்ன?

ரோபோப் பந்தயங்கள் பலவிதம். கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே தானாக ஓடுகின்ற சிறு வண்டிப் பந்தயம் உண்டு. ஒன்றையொன்று வட்டத்துக்கு வெளியே தள்ளுகின்ற பந்தயம் உண்டு. சாமானை எடுத்து, சரிவில் ஏறி, குறித்த இடத்தில் வைக்கின்ற பந்தயம் உண்டு. ஆசிய பசிபிக் வானொலிச் சங்கத்தார் 2002 முதல் நடத்திவருகின்ற ரோபோகான் பந்தயம் கல்லூரி மாணவர்களுக்கானது. ஒவ்வொரு வருஷமும் போட்டி நடக்கின்ற தேசம் ஒரு புதிய விளையாட்டை நிர்ணயிக்கின்றது. 2010-ல் எகிப்தில் நடந்தபோது பிரமிடு கட்டச் சொன்னார்கள். 2024-ல் வியத்நாமில் நாற்று நட்டு நெல் அறுவடை செய்வதை விளையாட்டாக வைத்தார்கள். 2008-ல் பூனாவில் நடந்தபோது கண்ணன் உறியில் வெண்ணெய் எடுக்கின்ற கதையை வைத்தார்கள்! அந்த உறியிலும் பேட்டரி தீர்ந்தால் எந்திரம் நின்றுதான் போகும். எந்தக் கண்ணனும் வந்து கை கொடுக்க மாட்டான். இந்த ரோபோகானில் வியத்நாம் பலமுறை ஜெயித்திருக்கின்றது. 1975 வரையில் குண்டு மழையில் வெந்துகொண்டிருந்த தேசம் அது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இவையன்றி, சென்னை அய்.அய்.டி. மாணவர்கள் நடத்துகின்ற சாஸ்த்ரா, பம்பாய் அய்.அய்.டி. மாணவர்கள் நடத்துகின்ற டெக்ஃபெஸ்ட் முதலிய விழாக்களிலும் ரோபோப் பந்தயங்கள் நடக்கின்றன. பெயர் சாஸ்த்ரா என்றிருந்தாலும் அங்கே ஓடுகின்றது எதுவும் நமது சாஸ்திரங்களில் உள்ளதல்ல.

பணக்காரன்தான் ஜெயிப்பானா?

"பணம் உள்ள கல்லூரிகளோடு நாம் எப்படிப் போட்டி போடுவது?" என்று வாலிபர்கள் நம்மைக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இதற்கு நடந்த சங்கதி ஒன்றையே பதிலாகச் சொல்லுகின்றோம்.

2004-ல் அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்து சாண்டா பார்பராவில், தண்ணீருக்குள் வேலை செய்கின்ற ரோபோக்களுக்கு ஒரு பந்தயம் நடந்தது. உலகப் பிரசித்தி பெற்ற மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாணவர்கள் ஒரு பெரிய எண்ணெய்க் கம்பெனியின் உதவியோடு சுமார் 11,000 டாலர் செலவில் எந்திரம் கொண்டுவந்தார்கள். பீனிக்ஸ் நகரத்து ஏழைப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து நான்கு பையன்கள் வந்தார்கள். மெக்சிகோவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள். அமெரிக்காவில் வசிப்பதற்குச் சட்டப்படியான சீட்டுகூட இல்லாதவர்கள். ஊர்க் கடைக்காரர்களிடம் வசூல் செய்த சுமார் 800 டாலரில், நம் வீட்டுக் குழாய்க்குப் போடுகின்ற பி.வி.சி. பைப்பை வெட்டி ஒட்டி எந்திரம் செய்திருந்தார்கள். முடிவில் மொத்தத்தில் முதற்பரிசு அந்த நான்கு பையன்களுக்கே கிடைத்தது.

அதில் ஒரு சங்கதி நம்மவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியதாகும். பந்தயச் சமயத்தில் எந்திரத்தின் பெட்டிக்குள் தண்ணீர் கசிந்துவிட்டது. பிரித்து ஒட்ட நேரமில்லை. பெண்கள் மாதவிடாய்க் காலத்தில் உபயோகிக்கின்ற பஞ்சைக் கடையில் வாங்கிவந்து உள்ளே வைத்து, கசிந்த தண்ணீரை உறிஞ்சச் செய்து எந்திரத்தைக் காப்பாற்றினார்கள். நம் நாட்டில் அந்தப் பொருளைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கின்றார்கள், தீட்டு என்கின்றார்கள். தீட்டு என்று நினைப்பவன் மூளைக்கு அந்த யுக்தி எப்படித் தோன்றும்? மூடநம்பிக்கை புத்தியைக் கெடுக்கின்றது என்று நாம் சொல்லுவது வெறும் பேச்சல்ல என்பதற்கு இது பிரத்தியட்ச உதாரணமாகும்.

நிற்க, நம் பக்கத்திலேயே பாருங்கள். தாம்பரத்துக்கு அப்பால் குரோம்பேட்டையில் எம்.அய்.டி. என்னும் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கின்றது. சி.ராஜம் என்பவர் தமது சொந்த மாளிகையை விற்று 1949-ல் அதை ஆரம்பித்தார். அதில் சேர ராமேஸ்வரத்திலிருந்து வந்த அப்துல் கலாம் அவர்களுக்குச் சேர்க்கைப் பணம் சுமார் ஆயிரம் ரூபாய் இல்லை. அவருடைய தமக்கையார் தமது தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். மாளிகையை விற்றவரும் வளையலை அடகு வைத்தவரும் சேர்ந்துதான் அந்தப் படிப்பு உண்டாயிற்று. அதே கல்லூரி மாணவர்களின் தக்ஷா என்னும் குழு 2018-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போய், ஆளில்லாத விமானம் தூர இடத்திலிருந்து ரத்த மாதிரியை எடுத்து வருகின்ற பந்தயத்தில் இரண்டாம் இடம் பெற்றது. ஒரு சினிமா நடிகர் அக்குழுவுக்கு ஆலோசகராய் இருந்ததால் அவருடைய பெயர் ஊரெல்லாம் தெரிந்தது. மோட்டாரும் இறக்கையும் பொருத்தின மாணவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

திட்டம் போடுவது எப்படி?

முதற்காரியம் பந்தயத்தின் விதிப் புத்தகத்தைப் படிப்பது. புராணத்தைப் பாராயணம் செய்கின்றவன் அர்த்தம் கேட்கக் கூடாது. விதிப் புத்தகத்தைப் படிக்கின்றவன் ஒவ்வொரு வரியிலும் கேள்வி கேட்க வேண்டும். யார் யார் சேரலாம்? எடை எவ்வளவு? நீள அகலம் எவ்வளவு? பேட்டரி எத்தனை வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது? எந்தக் காரியத்திற்கு எத்தனை மதிப்பெண்? இவைகளைப் பெரிய காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். மதிப்பெண் அதிகம், கஷ்டம் கொஞ்சம் என்று உள்ள காரியத்தை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது காரியம், பந்தயத் தேதியிலிருந்து பின்னோக்கி நாள் எண்ணுவது. இதற்குப் பஞ்சாங்கம் உதவாது. இராகு காலத்திலும் ஈயம் உருகுகின்றது. நல்ல நேரத்திலும் தப்பாய் இணைத்த கம்பி கருகுகின்றது. 24 வாரம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசி 4 வாரம் எந்த மாற்றமும் செய்யாமல் ஓட்டிப் பழகுவதற்கு மாத்திரம். அதற்கு முந்தின 4 வாரம் உடைவதைக் கண்டுபிடித்துப் பலப்படுத்துவதற்கு. அதற்கு முந்தின 8 வாரம் தூக்குகின்ற கை, பிடிக்கின்ற விரல் முதலியவைகளுக்கு. அதற்கும் முந்தின 5 வாரத்தில் சக்கரமும் சட்டமும் மோட்டாருமாகச் சேர்ந்து வண்டி நன்றாய் ஓட வேண்டும். முதல் 3 வாரம் விதி, வரைபடம், அட்டையிலும் மரத்திலும் மாதிரி. ஓடாத வண்டியின்மேல் எவ்வளவு அழகான கையை வைத்தாலும் அது தேர் நிலையில் நிற்பதைப்போல் நிற்கும். தேரையாவது இழுக்க ஆயிரம் பேர் வருவார்கள், இதை இழுக்க யாரும் வர மாட்டார்கள்.

மூன்றாவது, வாங்குமுன் கணக்கு. உதாரணமாக, 20 கிலோ எடையுள்ள ரோபோ 15 டிகிரி சரிவில் ஏற வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். அதைப் பின்னுக்கு இழுக்கின்ற பாரம் 5 கிலோவுக்குச் சிறிது அதிகம். சக்கரத்தின் ஆரம், அதாவது நடுவிலிருந்து விளிம்பு வரை, 5 சென்டிமீட்டர் ஆனால், வேண்டிய திருகு பலம் சுமார் 26 கிலோ சென்டிமீட்டர். நான்கு சக்கரத்துக்கு நான்கு மோட்டார் என்றால் ஒவ்வொன்றுக்கும் 6.5. உராய்வு, தேய்மானம், அவசரம் ஆகியவைகளுக்காக இரட்டித்துக்கொண்டால் 13. ஆகவே கடையில் போய் 15 கிலோ சென்டிமீட்டர் மோட்டார் கொடு என்று கேட்கலாம். இந்தக் கணக்கைப் போடாமல் ரிச்சி தெருவுக்குப் போனால் கடைக்காரன் சொன்னதுதான் வேதம்.

பேட்டரிக்கும் அப்படியே. நான்கு மோட்டாரும் தலைக்கு 3 ஆம்பியர் இழுத்தால் 12 ஆம்பியர். 10 நிமிஷம் ஓட 2 ஆம்பியர் மணி வேண்டும். இரட்டித்து 4 அல்லது 5 வாங்குங்கள். மோட்டார் சிக்கி நின்றுவிட்டால் ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு மின்சாரம் இழுக்கும் என்பதால் ஃபியூஸ் போடாமல் ஓட்டவே கூடாது. உடனே நிறுத்துவதற்குச் சிவப்புப் பொத்தான் ஒன்று கைக்கு எட்டுகின்ற இடத்தில் இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரி தப்பாகச் சார்ஜ் செய்தால் தீப்பற்றும். அதற்குப் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், வாளியில் மணல் இருக்க வேண்டும். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டால் தீ நிற்காது.

பணக் கணக்கு

இனிப் பணத்துக்கு வருவோம். நடுத்தரமான ஒரு ரோபோவிற்கு நாம் போட்ட உத்தேசக் கணக்கைச் சொல்லுகின்றோம். விலை இடத்துக்கு இடம் மாறும். பங்கீட்டு முறையைக் கவனியுங்கள்.

மோட்டார், சக்கரம் — ரூ. 14,000
பேட்டரி, சார்ஜர் — ரூ. 9,000
கட்டுப்பாட்டுப் பலகை, சென்சார், ஒயர் — ரூ. 8,000
சட்டம், தகடு, லேத் வேலை — ரூ. 9,000
உடைந்தால் மாற்ற உதிரிச் சாமான் — ரூ. 8,000
நுழைவுக் கட்டணம், ரயில், சாப்பாடு — ரூ. 12,000
ஆக மொத்தம் — ரூ. 60,000

புதியவர்கள் கடைசி இரண்டு இனத்தை எழுத மறந்துவிடுவார்கள். எந்திரம் முடிந்து நிற்கும். ரயிலுக்குப் பணம் இருக்காது. அல்லது பந்தயக் களத்தில் ஒரு கியர் உடையும். மாற்றுக் கியர் இருக்காது. இந்த இரண்டும் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பதைப் பாருங்கள்.

சிக்கனத்துக்கு வழி இல்லாமல் போகவில்லை. புதுப்பேட்டையில் பழைய காரின் வைப்பர் மோட்டார் வாங்கினால் மெதுவாய்ச் சுற்றினாலும் பலமாய்ச் சுற்றும். ஜன்னல் செய்கின்ற கடையில் அலுமினியத் துண்டு கழிவாய்க் கிடக்கும். இவ்வூர்த் தொழிற்பேட்டைப் பட்டறைக்காரர்களிடம் பணம் கேட்பதைவிட லேத்தில் இரண்டு மணி நேரம் கேளுங்கள். வெட்டி மிஞ்சின தகடு கேளுங்கள். பிச்சை கேட்பதைப்போல் கேட்க வேண்டாம். வரைபடத்தைக் காட்டி, இன்ன துண்டு, இன்ன அளவு, இன்ன தேதிக்குள் என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவன் வரைபடத்திற்கு மதிப்புக் கொடுப்பான்.

மீதி 60,000 எங்கிருந்து வரும் என்றால், 100 பேர் மாதம் 100 ரூபாய் வீதம் 6 மாதம் கொடுத்தால் சரியாய் வந்துவிடும். நாளொன்றுக்கு மூணேகால் ரூபாய். ஒரு டீயின் விலைகூட ஆகாது. "எங்களிடம் பணம் ஏது?" என்று கேட்பீர்களானால், ஆயுத பூஜைக்கு மறுநாள் ஜி.எஸ்.டி. ரோட்டில் நடந்து பாருங்கள். எத்தனை பூசணிக்காய் உடைபட்டுக் கிடக்கின்றது? அதில் வழுக்கி விழுந்து எத்தனை பேர் கை கால் முறித்துக்கொள்ளுகின்றார்கள்? காதுகுத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் ஜாதகம் பார்ப்பதற்கும் பரிகாரத்திற்கும் போகின்ற பணம் எவ்வளவு? பணம் இல்லாமலில்லை, பணம் போகின்ற வழிதான் வேறாயிருக்கின்றது.

பணம் வாங்குவதற்கு நாம் சில நிபந்தனைகள் சொல்லுகின்றோம். முதலாவது, எந்த ஜாதிச் சங்கத்தின் பணமும் வேண்டாம். இரண்டாவது, எந்திரத்திற்குச் சாமி பெயரும் வேண்டாம், ஜாதித் தலைவர் படமும் வேண்டாம். மூன்றாவது, ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கொடுத்து, மாதம் முதல் தேதி வரவு செலவைச் சுவரில் ஒட்ட வேண்டும். கோவில் உண்டியலில் போட்டவன் கணக்குக் கேட்டால் நாத்திகன் என்பார்கள். நமது உண்டியலில் போட்டவன் கணக்குக் கேட்காவிட்டால் அவனைத்தான் நாம் கண்டிக்க வேண்டும். நான்காவது, 100 ரூபாய் கொடுத்தவர் பெயரையும் 10,000 ரூபாய் கொடுத்தவர் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் எழுத வேண்டும். அய்ந்தாவது, கடன் வாங்கக் கூடாது. விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும். மூன்றாம் மாதக் கடைசியில் பாதிப் பணம் சேராவிட்டால் எந்திரத்தைச் சிறிதாக்கிச் சிறிய பந்தயத்துக்குப் போங்கள். பெரிய ஆசையை விட வேண்டாம். அதைப் படி வைத்து ஏறுங்கள்.

இன்னுமொன்று. 2016 முதல் மத்திய அரசாங்கத்தார் அடல் டிங்கரிங் லேப் என்னும் திட்டத்தில், தேர்ந்தெடுத்த பள்ளிக்கூடங்களுக்கு 20 லட்சம் ரூபாய் வரை கொடுத்து, பிள்ளைகள் எந்திரம் செய்து பழகக் கூடம் அமைக்கச் செய்திருக்கின்றார்கள். அது வரி கொடுக்கின்ற உங்கள் பணம். உங்கள் பிள்ளை படிக்கின்ற பள்ளியில் அப்படி ஒரு கூடம் இருக்கின்றதா, இருந்தால் திறந்திருக்கின்றதா, அதில் உங்கள் பிள்ளையின் கை படுகின்றதா என்று பெற்றோர் போய்க் கேட்க வேண்டும்.

கையும் மூளையும்

இங்கே ஒரு தோழர் ஆட்சேபணை எழுப்பினார். "1953-ல் ஆச்சாரியார் அரைநாள் படிப்பு, அரைநாள் அப்பன் தொழில் என்று குலக்கல்வி கொண்டுவந்தபோது எதிர்த்தீர்களே, இப்போது பிள்ளைகளை அரம் பிடிக்கச் சொல்லுகின்றீர்களே?" என்று கேட்டார். நல்ல கேள்வி. குலக்கல்வியில் வண்ணான் மகன் வெளுக்க வேண்டும், குயவன் மகன் பானை செய்ய வேண்டும், வக்கீல் மகன் மாத்திரம் புத்தகம் படிப்பான். ஆகவேதான் 1954-ல் அது ஒழிந்தது. கை வேலை கேவலமென்று நாம் ஒருபோதும் சொன்னதில்லை. பிறப்பைக்கொண்டு ஒருவன் கைக்கு வேலையையும் இன்னொருவன் தலைக்கு யோசனையையும் பங்கிட்டதுதான் கேவலம். ரோபோ அந்தப் பங்கீட்டை ஒப்புக்கொள்ளுவதில்லை. கணக்குப் போட்டவனே அரம் பிடித்துப் பார்த்தால்தான் கணக்கில் உள்ள பிழை தெரியும். அரம் பிடித்தவனே கணக்குப் போட்டால்தான் துண்டு பொருந்தும்.

வருஷத்தில் ஒரு நாள் ஸ்பானருக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுகின்றார்கள். மற்ற நாளெல்லாம் ஸ்பானர் பிடிக்கின்றவனைக் கீழே உட்கார வைக்கின்றார்கள். கருவிக்குப் பூஜை, கருவி பிடிப்பவனுக்கு அவமானம் என்பது எந்த ஊர் நியாயம்? ஆகவே உங்கள் குழுவில் வேலையை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பாலிடெக்னிக்கில் படிப்பவர் தரையைக் கூட்டட்டும். தொழிற்சாலையில் இயக்குநராய் நிற்கின்ற தொழிலாளி வரைபடத்தை விளக்கட்டும். தெருவுக்கொருவராகச் சேருங்கள், ஒரே தெருக்காரர் மாத்திரம் சேர்ந்த குழு எவ்வளவு கெட்டிக்காரக் குழுவானாலும் நமக்கு வேண்டாம்.

பெண்களை டீ கொடுக்கவும் கோலம் போடவும் மாத்திரம் அழைக்காதீர்கள். கணக்குப் பெட்டியின் சாவியையும் எந்திரம் ஓட்டுகின்ற கைப்பிடியையும் அவர்களிடம் கொடுங்கள். 2017-ல் வாஷிங்டனில் நடந்த சர்வதேச ரோபோப் பந்தயத்திற்கு ஆப்கானிஸ்தானத்து ஹெராத் நகரத்திலிருந்து பள்ளிப் பெண்கள் வந்தார்கள். நுழைவு அனுமதி இரண்டு தடவை மறுக்கப்பட்டு, பிறகு கிடைத்து வந்து, துணிவுக்காக வெள்ளிப் பதக்கம் பெற்றார்கள். 2021-ல் மதத்தின் பேரால் ஆளுகின்றவர்கள் அந்நாட்டைப் பிடித்தவுடன் அந்தக் குழுப் பெண்களில் பலர் நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. பெண் கையில் திருகுப்புளி இருப்பதைக் கண்டு மதம் ஏன் பயப்படுகின்றது என்று யோசித்துப் பாருங்கள்.

வேலை போய்விடுமா?

"ரோபோ வந்தால் தொழிலாளி வேலை போய்விடுமே!" என்று இங்குள்ள தொழிலாளத் தோழர்கள் அஞ்சுகின்றார்கள். இந்த அச்சத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் இதே ஊரில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். ஃபோர்டு கம்பெனியார் 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்து, 2022-ல் இங்கே கடைசிக் காரையும் வெளியேற்றினார்கள். 2024-ல் மறுபடியும் ஏற்றுமதிக்காக உற்பத்தி செய்ய விருப்பம் தெரிவித்தார்கள். மூடினதும் திறக்க நினைத்ததும் எந்த ரோபோவின் யோசனையுமல்ல. எந்திரத்தின் சொந்தக்காரர்களுடைய லாப நஷ்ட யோசனை. ஆகவே எந்திரம் பகையல்ல. எந்திரம் யாருக்குச் சொந்தம், அதன் பலன் யாருக்கு என்பதுதான் கேள்வி. எந்திரத்தைச் செய்யத் தெரிந்தவன்தான் அந்தக் கேள்வியைத் தைரியமாய்க் கேட்பான்.

அன்றியும், போக வேண்டிய வேலை ஒன்று இருக்கின்றது. மலக்குழியில் மனிதன் இறங்குகின்ற வேலை. 2013-லேயே அதைத் தடுக்கச் சட்டம் செய்தார்கள். சாக்கடைக் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2014-ல் சொல்லிற்று. 2023-ல் அதை 30 லட்சமாக்கிற்று. தொகை ஏறிற்று, சாவு நிற்கவில்லை. இறங்குகின்றவன் யார்? எந்த ஜாதிக்காரன் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு விடை எங்கிருந்து கிளம்பிற்று என்று பாருங்கள். கேரளத்தில் பொறியியல் கல்லூரி மாணவர்கள் சிலர் ரோபோ செய்து பழகி, பாண்டிகூட் என்னும் பெயரில் சாக்கடைக் குழியைச் சுத்தம் செய்கின்ற ரோபோவை உண்டாக்கி, 2018-ல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு விட்டார்கள். சென்னை அய்.அய்.டி.யில் ஒரு மாணவர் படிப்பின் கடைசி வருஷத்து வேலையாக, மலத்தொட்டியில் இறுகின கசடை வெட்டிக் கரைத்து வெளியே உறிஞ்சுகின்ற ஹோமோசெப் என்னும் எந்திரத்தை ஆரம்பித்தார். அது 2019-ல் கார்பன் ஜீரோ சேலஞ்ச் என்னும் போட்டியில் காட்டப்பட்டது; 2022-ல் தமிழ்நாட்டில் வேலைக்கு வந்தது. முதல் எந்திரங்கள் யாரிடம் ஒப்படைக்கப்பட்டன தெரியுமா? மலக்குழியில் கணவனைப் பறிகொடுத்த பெண்கள் நடத்துகின்ற சுய உதவிக் குழுக்களிடம். கணவனை விழுங்கின குழிக்கு மேலே நின்று, அவர்கள் இன்று எந்திரத்தை இறக்குகின்றார்கள். ஆயிரம் வருஷம் தத்துவம் பேசினவர்கள் செய்யாத காரியத்தைச் சில மாணவர்களின் திருகுப்புளி ஆரம்பித்துவிட்டது.

ரோபோப் பந்தயம் பிள்ளை விளையாட்டு என்று சொல்லுகின்றவர்களுக்கு இதுதான் நமது பதில். பந்தயத்தில் சரிவு ஏறப் பழகின சக்கரமும், பந்தைத் தூக்கப் பழகின கையும் நாளைக்கு எங்கே இறங்க வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கலாம்.

முடிவாக

ஆகவே தோழர்களே, வாலிபர்கள் இன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து முதற்பக்கத்தில் பந்தயத் தேதியும், இரண்டாம் பக்கத்தில் நாட்கணக்கும், மூன்றாம் பக்கத்தில் பணக் கணக்கும் எழுதுங்கள். பெரியவர்கள் 100 ரூபாய் கொடுத்து ரசீது கேட்டு வாங்குங்கள். மாதாமாதம் சுவரில் கணக்கு ஒட்டப்பட்டிருக்கின்றதா என்று வந்து பாருங்கள். பந்தயம் முடிந்த பின், ஜெயித்தாலும் தோற்றாலும், வரைபடங்களைப் பூட்டி வைக்காமல் பக்கத்து ஊர் வாலிபர்களுக்குக் கொடுங்கள். மோட்டாரையும் பேட்டரியையும் அடுத்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு ஒப்படையுங்கள். தோற்றால் தலையெழுத்து என்று சொல்லாதீர்கள். எந்தக் கம்பி விட்டது, எந்தக் கணக்குத் தவறியது என்று பார்த்து எழுதி வையுங்கள். தலையெழுத்தைத் திருத்த முடியாது என்கின்றார்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதினதைத் திருத்தலாம்.